'சு' என்று சொல்லும் வரை

அன்று பிற்பகல் டவர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பேட்டரி அடுக்கில் முதுகைச் சாய்த்து, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஊர்த் தலைவர் போனிஃபாசியுஸ். அவருக்கு இடப்பக்கம், கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் கோஸ்மாஸ். கடலுக்குப் போய்க் காணாமல் போன அமாண்டுஸின் அண்ணன். அவனுக்கு எதிரே தரையில் பாயில், வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து, அமாண்டுஸின் மனைவி செராஃபினா. மடியில் போன். வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் படகோட்டி ஒக்தோ, வாய் நிறைய வெற்றிலை பாக்கு. மேசைக்குப் பின்னால் டவர் காவலன் பாஸ்காலிஸ் ரெத்தோப். மேசை மேல் இரண்டு வெள்ளைத் தாள், ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப், ஒரு நீலப் பேனா.

ஆறாவது ஆள் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு வருவான். அவனுக்கு உட்கார இடம் வேண்டியதில்லை.

அமாண்டுஸ் போய் அன்றோடு முப்பத்தேழு நாள். நாற்பதாம் நாள் ஜெபத்துக்குத் தேங்காய் உரித்து வைத்தாகிவிட்டது. அதற்குள் ஒரு கடிதம் துவால் பட்டணத்துக்குப் போக வேண்டும். கடல் ஏறியதும் ஆறு மணிக்கு ஒக்தோ படகை எடுப்பான். இன்று விட்டால் அடுத்த படகு நான்கு நாள் கழித்துத்தான்.

"எழுது பாஸ்கால்," என்றார் தலைவர். "அமாண்டுஸ் நம்பரைக் கணக்குலேருந்து எடுத்துடுங்க, ஊர் சம்மதம்னு எழுது. முத்திரையை நான் கையோட கொண்டாந்திருக்கேன்."

"யாரு சம்மதம்?" என்றாள் செராஃபினா.

"ஊர் சம்மதம், மகளே."

"ஊருக்கு மீனு வேணும். அதைச் சொல்லுங்க பாபா ராஜா, நான் கேட்டுக்கறேன். அவரு ஆத்மா சாந்திக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

தலைவர் முத்திரைக் கட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவள் சொன்னது சரிதான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

நுஹுலிம் தீவில் கயிறு கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. படகில் இருப்பவன் கயிற்றை நீட்டி, "பிடிச்சியா?" என்று கேட்பான். துறையில் நிற்பவன் "சு" என்பான். ஆயிற்று, என் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சொல் காதில் விழும் வரை கொடுப்பவன் விடக் கூடாது. கயிறு மட்டுமில்லை, கைக்குழந்தை, அரிவாள், கொதிக்கிற சட்டி, சவப்பெட்டியின் ஒரு முனை, எது கைமாறினாலும் இதே பேச்சுதான். நடுவழியில் எதுவும் யார் கையிலும் இல்லாமல் இருந்துவிடக் கூடாது.

டவர் வந்த புதிதில் அதன் வேலையையும் பாஸ்காலிஸ் இப்படித்தான் ஊருக்கு விளக்கினான். குன்றின் மேல் நிற்கிற டவரின் கை கொஞ்ச தூரம்தான் எட்டும். அதைத் தாண்டிக் கடலுக்குள் போகிற போன்களைத் தலைக்கு மேல் போகிற செயற்கைக்கோள் ஏந்திக்கொள்ளும். மேகம் மூடி சோலார் தகடுகள் பட்டினி கிடக்கிற நாட்களில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், டவர் தன் பாரத்திலும் ஒரு பங்கை மேலே கொடுத்துவிடும். கொடுக்கும்போது 'பிடிச்சியா' என்று கேட்கும். மேலிருந்து 'சு' வரும். அதற்குப் பிறகுதான் விடும். ஊரார் இதைக் 'கயிறு மாத்தறது' என்றார்கள்.

அமாண்டுஸ் தினமும் ஐந்து பத்துக்குத் துறைக்கு வருவான். பேட்டரி அளவைக் குறித்துவிட்டுக் குன்றிலிருந்து இறங்கி வருகிற பாஸ்காலிஸ்தான் அவன் கயிற்றைப் பிடிப்பான். முப்பத்தேழு நாளைக்கு முன்னால் பாஸ்காலிஸ் துறையில் இருட்டும் வரை நின்றான். கயிறு வரவில்லை. பட்டணத்துத் தேடுதல் படகுகள் ஏழு நாள் தேடிவிட்டுத் திரும்பிப் போயின. எட்டாம் நாள் ஐந்து பத்துக்குச் செராஃபினாவின் போன் அடித்தது. அமாண்டுஸின் நம்பர். எடுத்தால் தண்ணீர் சத்தம். பிறகு அவன் குரல், அவசரமே இல்லாமல்.

"பிடிச்சியா?"

அவள் கத்தினாள், பெயர் சொல்லி அழுதாள், எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். எதற்கும் பதில் இல்லை. பதினோரு விநாடி, அவ்வளவுதான். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். பிறகு அவளுக்கு மட்டும் என்றில்லாமல் போயிற்று. அந்த நேரத்தில் தீவில் யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் பேச்சின் நடுவில் தண்ணீர் புகுந்தது. பெண் பார்க்கிற விஷயம் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டில், "தேதி வெச்சுக்கலாமா?" என்று இங்கே கேட்க, "பிடிச்சியா?" என்று அங்கேயிருந்து வந்தது. கல்யாணப் பேச்சு நின்றுபோயிற்று. ஆண்கள் நாலு மணிக்கே படகைத் திருப்பினார்கள். சூரை மீன் மேலே வருவதோ அந்தி சாய்கிற நேரத்தில். மூன்று வாரமாக ஊரில் கருவாடுதான்.

தேடுதல் அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். பழைய அழைப்பு ஒன்று எங்கேயோ மாட்டிக்கொண்டு சுற்றுகிறது, டவர் நிறுவனத்திடம் கேளுங்கள் என்றார்கள். நிறுவனத்துக்குப் போட்டால், ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்றது. ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட கடிதம் வந்தால் பார்க்கிறோம் என்று கடைசியில் ஒரு பெண் சொன்னாள்.

"பழைய அழைப்புன்னா தினம் ஒரே மாதிரில்ல இருக்கணும்?" செராஃபினா பள்ளிக்கூட நோட்டு ஒன்றைப் பாயில் விரித்தாள். "பாருங்க. எட்டாம் நாளு, எஞ்சின் ஓடுது. பன்னண்டாம் நாளு, அங்க மழை. இங்க அன்னிக்கு நான் துணி காயப்போட்டிருந்தேன். பத்தொம்பதுல எஞ்சின் சத்தம் இல்ல. இருபத்தாறுல இருமறாரு. பழைய அழைப்பு இருமுமா?"

"செத்தவன் இருமினா என்ன பண்ணுவே?" என்றான் கோஸ்மாஸ். குரலில் கோபம் இல்லை. தூங்கிப் பல நாளான குரல். "நம்பரை எடுக்க வேணாம்னா நீயே ஒரு தடவ 'சு' சொல்லிடு. அதைத்தானே கேக்கறான்? ஒரு மனுஷன் எத்தன நாளு கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்? அவன் கை என்னத்துக்காகும்?"

"சொன்னா விட்டுடுவாரு, புங்," என்றாள் செராஃபினா. மூத்தவனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"விடட்டுமே."

"என் கையில என்ன இருக்கு? இந்தப் போனு இருக்கு. அவரு விடற கயிறு எங்க போயி விழும்?"

டவரின் இரும்பில் காற்று உரசியது.

"அமாண்டுஸாவது, விடறதாவது," என்றான் ஒக்தோ வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு. "எங்கிட்ட வாங்கிட்டுப் போன நங்கூரத்தையே ஒம்போது மாசமா விடல."

செராஃபினாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானைத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பாஸ்காலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பார்வை எதிர்ச் சுவரிலிருந்த இரும்புப் பெட்டியின் மேல் இருந்தது.

அந்தப் பெட்டிக் கதவின் உட்பக்கம், பட்டணத்துப் பொறியாளர் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தார். மேற்குக் காற்றுக் காலம் வந்து தினமும் எட்டு மணிக்கே டவர் கண்ணை மூடிக்கொண்டபோது ஊர் முழுக்கப் பாஸ்காலிஸைக் கிண்டல் செய்தது. "பாஸ்காலோட டவரு கோழி ஜாதி, இருட்டினா கூண்டுக்குள்ள போயிடும்" என்றார்கள். அவன் பெட்டியைத் திறந்து திரையில் ஒவ்வொரு வரியாகப் படித்தான். 'விடைக்குக் காத்திரு' என்று ஒரு வரி இருந்தது. மேகமான நாளில் மேலிருந்து 'சு' வரத் தாமதமாகும். வரும் வரை டவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கும். பேட்டரியைத் தின்பது அதுதான். அவன் அந்த வரிக்குப் பக்கத்திலிருந்த குறியை எடுத்துவிட்டான்.

அன்றிரவு டவர் பதினோரு மணி வரை விழித்திருந்தது. மறுநாள் யாரோ அவன் வாசலில் புகைபோட்ட மீன் இரண்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐந்தாம் நாள் அமாண்டுஸ் வரவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் பாஸ்காலிஸ் டவரின் பதிவைத் திறந்து பார்த்தான். ஐந்து மணி பத்து நிமிடம், அமாண்டுஸின் நம்பர், 'கொடுத்தேன்'. பக்கத்துக் கட்டத்தில் 'பெற்றேன்' என்று இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவசரமாகக் குறியைத் திரும்பப் போட்டான். அந்த வரி மட்டும் அப்படியே நின்றது. எட்டாம் நாளிலிருந்து அதற்குக் கீழே தினம் ஒரு வரி சேர்ந்தது. அதே நேரம், அதே நம்பர், 'கொடுத்தேன்', வெறும் கட்டம். நேற்று வரை இருபத்தொன்பது. இப்போது டவர் விடையில்லாமல் விடாது. அதனால் தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கீழே விட்டு, மேலே பிடிபடாமல் போன அழைப்பு எந்தக் கடல் துண்டிலிருந்து வந்தது என்பது மேலேயுள்ள கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை அவர்கள் நாற்பது நாள்தான் வைத்திருப்பார்கள். டவர் காவலன் 'தவறாக விட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அதைத் திறந்து பார்ப்பார்கள். 'சரியாகக் கொடுத்தோம்' என்று இருக்கிற வரை அவர்கள் தேட ஒன்றுமில்லை. தலைவர் கேட்கிறபடி நம்பரை எடுக்கச் சொல்லி எழுதினால் எல்லா வரியும் அழிந்துபோகும். அமாண்டுஸும், பாஸ்காலிஸ் செய்த காரியமும், ஒரே துடைப்பில்.

இதையெல்லாம் அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. கோஸ்மாஸ் வீட்டில் தினமும் ராத்திரி சாப்பிட உட்காரும்போது ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுப்பான். கோஸ்மாஸ் சட்டியை நகர்த்தி, "சாப்பிடு பாஸ்கால், நீயும் இளைச்சுட்டே" என்பான்.

"எழுதறியா இல்லியா?" என்றார் தலைவர். "கடலு ஏற ஆரம்பிச்சாச்சு."

பாஸ்காலிஸ் முதல் தாளை எடுத்தான். மிஷன் பள்ளியில் கற்றுக்கொடுத்தபடி இடப்பக்கம் 'எண்' என்றும், அதன் கீழ் 'இணைப்பு' என்றும், அதன் கீழ் 'பொருள்' என்றும் எழுதினான். பொருளுக்கு எதிரே பேனா நின்றது.

மணி ஐந்து பத்து.

செராஃபினாவின் மடியில் போன் அடித்தது. அவள் அதைப் பாயின் நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைத் திறந்துவிட்டாள். தலைவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஒக்தோ மெல்லுவதை நிறுத்தினான்.

முதலில் தண்ணீர். மரத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம், நிதானமாக, துறையில் கட்டிக் கிடக்கிற படகில் தட்டுவது போல. அதற்குப் பின்னால் நீளமாக ஒரு மூச்சு.

"பிடிச்சியா?"

கோஸ்மாஸ் வாயைத் திறந்தான். அந்த ஒற்றை எழுத்துக்காக உதடு குவிந்ததைப் பாஸ்காலிஸ் பார்த்தான். அதற்குள் செராஃபினா பாயிலிருந்து எழும்பித் தன் உள்ளங்கையை அவன் வாயில் அழுத்திவிட்டாள். கோஸ்மாஸ் அவள் கையை விலக்கவில்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் அவள் விரல் மேல் ஓடியது.

பதினோரு விநாடி முடிந்துவிட்டது. ஆனால் அழைப்பு அறுபடவில்லை. தண்ணீர் தட்டிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.

"பாஸ்கால்," என்றான் அமாண்டுஸ். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்பது போலக் கேட்டான். "பிடிச்சியா பாஸ்கால்?"

பிறகு அழைப்பு அறுந்துவிட்டது.

முப்பது நாளில் அவன் ஒரு பெயரும் சொன்னதில்லை. நான்கு பேரும் பாஸ்காலிஸைப் பார்த்தார்கள். அவன் பேனாவுக்கு மூடியைப் போட்டு வைத்தான், பிறகு மூடியை எடுத்தான். பிறகு எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்தான்.

"உசி, வந்து பாருங்க," என்றான் செராஃபினாவிடம், அக்கா முறை வைத்து. "இது இன்னிய வரி. மேலே போனா எல்லாம் இருக்கு. இது அந்த முதல் நாளோடது."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கொடுத்தேன். சரி. இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"மேலேருந்து 'சு' வரல."

"வராமலே விட்டுடுச்சா? விடாதுன்னு நீதானே சொன்னே?"

"விடாது. நான்தான் விடச் சொன்னேன்." அவன் முகத்தைப் பெட்டிப் பக்கமே வைத்துக்கொண்டு சொன்னான். "பேட்டரிக்காக. பதிலுக்கு நிக்க வேணாம்னு குறிய எடுத்து வெச்சேன். எட்டு நாளு. அந்த எட்டு நாளுக்குள்ளதான் அவரு கூப்பிட்டாரு. யாரோட கையிலயும் போய்ச் சேரல."

கோஸ்மாஸ் ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்தான். அடிப்பான் என்று பாஸ்காலிஸ் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை.

"முப்பத்தேழு நாளு," என்றான் கோஸ்மாஸ். "முப்பத்தேழு நாளு எங்கூட உக்காந்து சாப்பிட்டியே."

"சாப்பிட்டேன், புங்."

"மீனுல முள்ளெடுத்து வெச்சேனே உனக்கு."

கோஸ்மாஸ் வாசலில் ஒக்தோவைத் தாண்டிப் போய், வெளியே டவரின் அடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். தலைவர் முத்திரைக் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஊர் முத்திரை இதுக்கு வராதுப்பா. இது உன் கடிதாசி," என்றார். திட்டுகிறாரா, வழிவிடுகிறாரா என்று பாஸ்காலிஸுக்கு விளங்கவில்லை.

"உக்காரு," என்றாள் செராஃபினா. "எழுது. நான் பக்கத்துலயே இருக்கேன். ஒரு வரியும் விடாம எழுது."

அவன் முதல் தாளை மடித்து ஒதுக்கிவிட்டு இரண்டாவதை எடுத்தான்.

"பொருள்: நுஹுலிம் டவரிலிருந்து விடை பெறாமல் விடப்பட்ட ஓர் அழைப்பைத் தேடித் தரக் கோருவது.

ஐயா, கீழ்க்கண்டவற்றை வரிசையாகத் தெரிவிக்கிறேன். ஒன்று, மேற்படி டவரில் 'விடைக்குக் காத்திரு' என்ற குறியை நான் யாரையும் கேட்காமல் எடுத்தேன். இரண்டு, எடுத்த ஐந்தாம் நாள் மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அமாண்டுஸ் என்பவரின் அழைப்பை எங்கள் டவர் மேலே கொடுத்தது. யாரும் அதைப் பெறவில்லை. மூன்று, அவர் இன்றைக்கும் அதே நேரத்தில் கேட்கிறார். நான்கு, அவருடைய நம்பரைத் தயவுசெய்து எடுக்க வேண்டாம். ஐந்து, அந்த அழைப்பு எந்தக் கடலிலிருந்து வந்தது என்று உங்கள் மேல்கணக்கில் நாற்பது நாள் முடிவதற்குள், அதாவது வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பார்த்து, தேடுதல் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். ஆறு, என் வேலை குறித்து நீங்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்."

"மூணாவதுல, 'இருமுகிறார்'னு சேரு," என்றாள் செராஃபினா.

சேர்த்தான். தன் நோட்டிலிருந்து முப்பது நாள் எழுதிய தாள்களையும் கிழித்துக் கொடுத்தாள். 'இணைப்பு' என்பதற்கு எதிரே அவன் 'மனைவியின் குறிப்பு, நான்கு தாள்' என்று எழுதினான். ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டினான். பாதிக் கையெழுத்து ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழும்படி போட்டான்.

பசை இல்லை. மத்தியானம் மிஞ்சிய சாகோக் கூழ் சட்டியில் உறைந்து கிடந்தது. அதை விரலால் வழித்து உறையின் வாயில் தடவி, உள்ளங்கையால் நெடுநேரம் அழுத்தினான்.

பாஸ்காலிஸும் செராஃபினாவும், பின்னால் கோஸ்மாஸும் குன்றிலிருந்து இறங்கினார்கள். ஒக்தோ முன்னால் ஓடிப் படகைத் தண்ணீரில் தள்ளியிருந்தான். மேற்கே மேகத்துக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம் பாக்கி இருந்தது. துறையின் பக்கத்தில் எந்தப் படகும் கட்டப்படாத ஒரு மரத்தூணில் தண்ணீர் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. சற்று முன் போனில் கேட்ட அதே சத்தம் என்று பாஸ்காலிஸுக்கும் செராஃபினாவுக்கும் தோன்றியது. கோஸ்மாஸ் துறை வரை வந்தான். பாஸ்காலிஸுக்கு இரண்டு கை தூரம் விட்டு நின்றான்.

ஒக்தோ படகின் முன்பக்க அணியத்தில் நின்று கையை நீட்டினான். பாஸ்காலிஸ் உறையை நீட்டினான். நடுவில், தண்ணீருக்கு மேலே, உறையின் ஒரு முனை இவன் கையிலும் மறுமுனை அவன் கையிலும் இருந்தது.

"பிடிச்சியா?" என்றான் பாஸ்காலிஸ்.

ஒக்தோவின் வாய் வெற்றிலையால் நிரம்பியிருந்தது. தலையை ஆட்டினான். பாஸ்காலிஸ் விடவில்லை. ஒக்தோ இன்னொரு தடவை ஆட்டினான், இழுத்துப் பார்த்தான். படகு விலகிற்று. பாஸ்காலிஸ் துறையின் விளிம்பு வரை நகர்ந்தானே தவிர விரலைத் தளர்த்தவில்லை.

"சொல்லித் தொலையேன்," என்றான் கோஸ்மாஸ்.

ஒக்தோ திரும்பி, சிவப்பாகத் துப்பினான்.

"சு."

பாஸ்காலிஸ் விட்டான். உறை ஒக்தோவின் சட்டைக்குள் போயிற்று. எஞ்சின் எடுத்துக்கொண்டது. அப்போது கொஞ்சம் தாமதமாக, தூரத்திலிருந்து வருகிற அழைப்பில் குரல் பிந்தி வருமே அப்படி, கடல் பக்கமிருந்து இன்னொரு தடவை கேட்டது.

"சு."

"ஏண்டா ரெண்டு தடவ சொல்றே?" என்று கோஸ்மாஸ் கத்தினான்.

"ஒரு தடவதானே சொன்னேன்," என்றான் ஒக்தோ. படகு அதற்குள் துறையை விட்டு வெகுதூரம் போய்விட்டது.